கனடியர்களும் அமெரிக்கர்களும் ஒருவரை ஒருவர் எப்படிப் பார்க்கிறார்கள்?

"கனடாக்காரர் மரியாதையானவர்கள், தொட்டதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்பார்கள். அமெரிக்கர்கள் சத்தக்காரர்கள், தங்கள் நாட்டுக்கு வெளியே ஒன்றும் தெரியாதவர்கள். இந்தப் பேச்சில் எவ்வளவு உண்மை? ஒரே மாதிரி வாழ்கிற இரண்டு நாட்டுச் சனத்துக்கு நடுவில் 2025இல் ஏன் இவ்வளவு கசப்பு வந்தது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் இருப்பது ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில். சொந்தத்தில் ஒரு பகுதி நியூ ஜேர்சியிலும் பொஸ்ரன் பக்கமும் இருக்கிறது. கல்யாணம், செத்தவீடு என்று போக்குவரத்து உண்டு. இரண்டு பக்கக் கதையும் காதில் விழும். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில் அளவைப் பாருங்கள். கனடாவில் சுமார் 4 கோடிப் பேர், அமெரிக்காவில் 34 கோடிப் பேர். எல்லையின் நீளம் 8,891 கிலோமீற்றர். கனடியர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அந்த எல்லையிலிருந்து ஏறத்தாழ 160 கிலோமீற்றருக்குள் குடியிருக்கிறார்கள். அமெரிக்கத் தொலைக்காட்சி, அமெரிக்கத் தேர்தல், அமெரிக்க வட்டிவீதம் எல்லாம் இங்கே வீட்டுக்குள் வந்துவிடும். ரொறன்ரோவில் ஒரு டாக்சிக்காரரிடம் பேச்சுக் கொடுத்தால் பென்சில்வேனியாவில் எந்தக் கட்சி வெல்லும் என்று விளக்குவார். ஒஹாயோவில் இருக்கிற ஒருவருக்கோ கனடாவின் பிரதமர் பெயர் தெரிய வேண்டிய தேவையே வாழ்நாளில் வராமல் போகலாம்.

ஆகவே கனடியர் அமெரிக்காவைப் பற்றி வைத்திருக்கும் எண்ணம் கனமானது. அதில் விருப்பம், பொறாமை, எரிச்சல், பயம் எல்லாம் கலந்து கிடக்கும். அமெரிக்கர் கனடாவைப் பற்றி வைத்திருக்கும் எண்ணம் மெல்லியது: குளிர், ஹொக்கி, மேப்பிள் பாணி, நல்ல சனம். நல்லெண்ணத்துக்குக் குறைவில்லை, கவனம்தான் இல்லை. கனடியர்களை ஆண்டாண்டாக உறுத்திவந்தது அமெரிக்கரின் வெறுப்பு அல்ல, இந்தக் கவனக் குறைவு. 1969இல் பிரதமர் பியர் ட்ரூடோ வாஷிங்டனில் பத்திரிகையாளர்கள் முன்னால், உங்கள் பக்கத்தில் வாழ்வது யானையோடு படுத்துறங்குவது போன்றது, அது எவ்வளவு சாதுவாக இருந்தாலும் அதன் ஒவ்வொரு அசைவும் உறுமலும் எங்களைப் பாதிக்கும் என்றார். இன்றைக்கும் இங்கே அதை மேற்கோள் காட்டாத அரசியல் பேச்சுக் குறைவு.

அந்த உறுத்தல் எப்படி வெளியே வரும் என்பதற்கு ஒரு சம்பவம். 2000ஆம் ஆண்டு அமெரிக்கத் தேர்தல் நேரம். மிச்சிகனில் பிரசாரம் செய்துகொண்டிருந்த ஜோர்ஜ் புஷ்ஷிடம் கனடிய நகைச்சுவையாளர் ரிக் மெர்சர் செய்தியாளராகப் போய், "பிரதமர் ஜான் பூட்டின் உங்களை ஆதரிக்கிறார், என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டார். அப்போது பிரதமர் ஜான் கிரெட்சியன். பூட்டின் என்பது உருளைக்கிழங்குப் பொரியலில் பாற்கட்டியும் குழம்பும் ஊற்றித் தரும் கியூபெக் சாப்பாடு. புஷ் நன்றி சொல்லிவிட்டுப் போனார். அமெரிக்கரிடம் இப்படிக் கேள்வி கேட்டு மடக்கும் மெர்சரின் நிகழ்ச்சி கனடாவில் பெரும் வெற்றி. அமெரிக்க மாநில ஆளுநர் ஒருவரைக்கூட, கனடாவில் இல்லவே இல்லாத ஒரு 'தேசிய இக்ளூ'வை (பனிக்கட்டி வீடு) காப்பாற்றியதற்காக வாழ்த்துச் சொல்லவைத்தார். 2004இல் புஷ் ஜனாதிபதியாக ஹலிபாக்ஸ் வந்தபோது, தன்னை ஆதரித்த ஜான் பூட்டினைச் சந்திக்க ஆசைப்பட்டேன் என்று அவரே பகிடியாகச் சொல்லிச் சிரித்தார். அமெரிக்கருக்கு அது சின்ன விஷயம், மறந்துவிட்டார்கள். கனடியர்கள் இருபது வருஷம் கழிந்தும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். யாருக்கு யார் முக்கியம் என்பது அதிலேயே தெரிகிறது.

புகழ்பெற்ற நடிகர், பாடகர் யார் பெயரை எடுத்தாலும் "அவர் கனடாக்காரர் தெரியுமா?" என்று கனடியர்கள் குறுக்கே சொல்வதும் இதே காரணத்தால்தான்.

இந்த வேறுபாட்டுக்கு வேர் எங்கே இருக்கிறது? அமெரிக்கப் புரட்சியில்தான். 1783இல் போர் முடிந்ததும், பிரித்தானிய முடியின் பக்கம் நின்ற பல பத்தாயிரம் பேர் வடக்கே நோவா ஸ்கோஷியாவுக்கும், இன்றைய நியூ பிரன்ஸ்விக், ஒன்ராறியோ பகுதிகளுக்கும் வந்து குடியேறினார்கள். ஆங்கிலக் கனடாவின் அத்திவாரத்தில் பெரும்பங்கு அவர்கள். அதாவது, புரட்சி வேண்டாம் என்றவர்கள் கட்டிய நாடு இது. 1776இன் அமெரிக்கப் பிரகடனம் உயிர், சுதந்திரம், மகிழ்ச்சியைத் தேடும் உரிமை என்று பேசியது. 1867இல் கனடாவை உருவாக்கிய சட்டம் அமைதி, ஒழுங்கு, நல்லாட்சி என்று எழுதியது. ஒன்று தனி மனிதனைப் பார்த்துப் பேசுகிறது, மற்றது அரசாங்கத்தைப் பார்த்துப் பேசுகிறது. துப்பாக்கி, வரி, மருத்துவம் எதைப் பற்றி இரண்டு நாட்டாரும் முட்டிக்கொண்டாலும் இந்த இரண்டு மனநிலையும் அடியில் நிற்கும்.

பிறகு 1812ஆம் ஆண்டுப் போர். கனடாவைப் பிடிப்பது வெறுமனே நடந்துபோகிற வேலைதான் என்று முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி ஜெபர்சன் எழுதினார். நடந்ததோ வேறு. 1813இல் அமெரிக்கப் படை யோர்க் நகரத்தின், அதாவது இன்றைய ரொறன்ரோவின், நாடாளுமன்றக் கட்டடங்களை எரித்தது. 1814 ஓகஸ்டில் பிரித்தானியப் படை வாஷிங்டனுக்குள் புகுந்து வெள்ளை மாளிகைக்குத் தீ வைத்தது. முடிவில் எல்லை நகரவில்லை. அமெரிக்கப் பாடப்புத்தகத்தில் இது பிரித்தானியாவை எதிர்த்து நின்ற இரண்டாவது சுதந்திரப் போர்; கனடாப் பாடப்புத்தகத்தில் படையெடுத்து வந்த அமெரிக்காவைத் திருப்பி அனுப்பிய கதை. இரண்டு பிள்ளைகளும் தாங்கள்தான் வென்றோம் என்று நினைத்து வளர்கின்றன. "வெள்ளை மாளிகையை எரித்தது நாங்கள்தான்" என்று இங்கே பெருமையாகச் சொல்வார்கள். அது சரியில்லை, எரித்தது கடல் கடந்து வந்த பிரித்தானியச் சிப்பாய்கள். அந்தப் போரில் கனடாவைக் காப்பாற்றியதில் டெக்கும்சே போன்ற பூர்வகுடித் தலைவர்களுக்கு இருந்த பங்கு எவ்வளவோ பெரியது. அதைத்தான் இரண்டு பக்கமும் குறைவாகச் சொல்கிறார்கள்.

விழுங்கப்பட்டுவிடுவோம் என்ற பயம் அதோடு தீரவில்லை. 1911இல் அமெரிக்காவோடு வர்த்தக உடன்பாடு செய்யப் போய் பிரதமர் லோரியேயின் அரசாங்கம் தேர்தலில் தோற்றது. 1988 தேர்தல் முழுக்கச் சுதந்திர வர்த்தக உடன்பாட்டைச் சுற்றியே நடந்தது. வானொலியில் ஒலிக்கும் பாட்டில் இத்தனை வீதம் கனடாப் பாட்டாக இருக்கவேண்டும் என்று 1971இல் விதி வந்ததும் இதே பயத்தில்தான்.

இனி அந்த மரியாதைக் கதைக்கு வருவோம்.

கனடியர் மன்னிப்புக் கேட்கிறார்கள் என்பது உண்மை. கடைக் கதவில் நீங்கள் அவரை இடித்தாலும் அவர்தான் கேட்பார். ஒன்ராறியோவில் 2009இல் இதற்கென்றே ஒரு சட்டம் வந்தது: ஒருவர் மன்னிப்புக் கேட்டதைச் சிவில் வழக்கில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதற்குச் சான்றாக எடுக்க முடியாது. ஆனால் இதே சனம் ஹொக்கி மைதானத்தில் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு அடிபடுகிறவர்களை எழுந்து நின்று கைதட்டிப் பார்க்கும். வெளியே காட்டும் பணிவு ஒரு பழக்கம். குணத்தை அதில் அளக்க முடியாது.

எனக்கு உண்மையாகவே கவலை தருகிற இடம் இதுதான். 'நாங்கள் அமெரிக்கர் மாதிரி இல்லை' என்ற ஒரு வசனத்தை வைத்துக்கொண்டு கனடா தன் பிழைகள் பலவற்றைப் பார்க்காமல் இருந்திருக்கிறது. அமெரிக்க அடிமை முறையிலிருந்து தப்பி ஏறத்தாழ 30,000 பேர் இங்கே வந்தார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். இங்கேயும் 1834 வரை அடிமை முறை சட்டப்படி இருந்தது என்பதை அதே குரலில் சொல்வதில்லை. 1946இல் நோவா ஸ்கோஷியாவின் நியூ கிளாஸ்கோ என்ற சின்ன ஊரில், வயோலா டெஸ்மண்ட் என்ற கறுப்பினப் பெண் திரையரங்கில் வெள்ளையருக்கான கீழ்த்தள இருக்கையில் அமர்ந்ததற்காக இழுத்து வெளியேற்றப்பட்டார். கீழ்த்தள ரிக்கெற்றுக்கும் மேல்தள ரிக்கெற்றுக்கும் இடையில் இருந்த ஒரு சதம் வரியை அவர் கட்டவில்லை என்று குற்றம் சாட்டித் தண்டனை கொடுத்தார்கள். ரோசா பார்க்ஸ் பேருந்தில் எழ மறுத்தது அதற்கு ஒன்பது வருஷத்துக்குப் பிறகு. கனடாப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ரோசா பார்க்ஸ்தான் முதலில் தெரிந்திருந்தார். வயோலா டெஸ்மண்டின் முகம் பத்து டொலர் தாளில் வந்ததே 2018இல். பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து அடைத்துவைத்த வதிவிடப் பள்ளிகள் 1990கள் வரை இயங்கின. இனவாதம் அமெரிக்காவின் நோய் என்று நினைத்துக்கொண்டு, அந்தப் பள்ளிகள் இருந்த தெருவாலேயே எத்தனையோ பேர் போய்வந்தார்கள்.

எங்கள் சனத்துக்கு இந்த இரண்டு முகமும் தெரியும். 1986 ஓகஸ்டில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் தத்தளித்த 155 தமிழரை, கஸ் டால்ரன் என்ற மீன்பிடிப் படகுத் தலைவர் கண்டு காப்பாற்றினார். அவர்கள் தங்க அனுமதிக்கப்பட்டார்கள். 2010இல் 492 பேரோடு எம்.வி. சன் சீ கப்பல் மேற்குக் கரைக்கு வந்தபோது அதே நாடு அவர்களை மாதக்கணக்கில் தடுப்பில் வைத்தது. தாய்மாரோடு பிள்ளைகளும் இருந்தார்கள். கனடா நல்ல நாடு என்று நானும் சொல்வேன். நல்லது நடந்த இடத்தையும் நடக்காத இடத்தையும் சேர்த்துத்தான் சொல்வேன்.

அமெரிக்கரைப் பற்றி இங்கே சொல்வதிலும் இதே கோளாறு உண்டு. சத்தம், பெருமை, துப்பாக்கி, அறியாமை. துப்பாக்கி விஷயம் கற்பனை அல்ல. அண்மைக் காலத்தில் அங்கே கொலை வீதம் கனடாவைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆனால் அந்தச் சத்தத்துக்குள் ஒரு தாராளம் இருக்கிறது, அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் விளங்கும். நியூ ஜேர்சியில் என் அக்கா குடும்பம் புது வீட்டுக்குப் போன அன்றே பக்கத்து வீட்டுக்காரர் ஏணியையும் துளைபோடும் கருவியையும் கொண்டுவந்து வைத்துவிட்டு, பெயர், வேலை, தகப்பன் எந்த ஊர் எல்லாவற்றையும் ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிட்டுப் போனார். ரொறன்ரோவில் அடுத்த வீட்டுக்காரர் கையசைப்பார், பனியும் தள்ளித் தருவார், பெயர் தெரிய ஒரு குளிர்காலம் போகும். இரண்டும் அன்புதான்.

1917 டிசம்பர் 6ஆம் திகதி ஹலிபாக்ஸ் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்து ஏறத்தாழ 2,000 பேர் செத்தார்கள். அன்றிரவே பொஸ்ரனிலிருந்து மருத்துவர்களோடும் தாதியரோடும் ரயில் புறப்பட்டது. கடும் பனிப்புயலுக்குள்ளால் வந்து சேர்ந்தது. அந்த நன்றிக்காக 1971 தொடக்கம் வருஷம்தோறும் நோவா ஸ்கோஷியா மாகாணம் பொஸ்ரன் நகருக்கு ஒரு பெரிய கிறிஸ்மஸ் மரம் அனுப்புகிறது. 2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்க வான்வெளி மூடப்பட்டபோது, பத்தாயிரம் பேர் அளவில் வாழும் கேண்டர் என்ற நியூபவுண்ட்லாந்து ஊரில் 38 பயணிகள் விமானங்கள் இறங்கின. வந்தவர்கள் 6,500 பேருக்கு மேல். பள்ளிக்கூடங்களிலும் தேவாலயங்களிலும் வீடுகளிலும் இடம் கொடுத்துச் சாப்பாடு போட்டார்கள். அதே நேரத்தில் விமானக் கடத்தல்காரர் கனடா வழியாக வந்தார்கள் என்ற பொய் அமெரிக்காவில் பரவியது. ஒருவர்கூட அப்படி வரவில்லை. ஆனால் 2009இல் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சரே அந்த அர்த்தத்தில் பேசி, பிறகு திருத்த வேண்டி வந்தது. கவனக் குறைவு பாதிப்பில்லாத ஒன்று என்று நினைத்தால் இந்த ஒரு உதாரணத்தைப் பாருங்கள். எல்லையில் வரிசையில் நின்ற எங்களைப் போன்ற மண்ணிற முகங்களுக்கு அதன் விலை தெரியும்.

மருத்துவத்தைப் பற்றி இரண்டு பக்கமும் அரை உண்மைதான் பேசுகின்றன. மாகாண முதல்வராக இருந்த ரொமி டக்ளஸ் சஸ்காச்சுவானில் போட்ட அடியில் 1962இல் தொடங்கிய பொது மருத்துவத் திட்டம் கனடியரின் அடையாளமாகவே ஆகிவிட்டது. 2004இல் கனடிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் நடத்திய வாக்கெடுப்பில் மிகச் சிறந்த கனடியராக அவரைத்தான் சனம் தேர்ந்தெடுத்தது. அமெரிக்க உறவினர்கள் கேட்பது: "அங்கே மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டுமாமே?" ஆம், காத்திருக்க வேண்டும். என் அம்மா அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரு இரவு முழுக்கக் கதிரையில் இருந்தா. காலையில் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், மருந்து தந்தார்கள், ஒரு சதமும் கேட்கவில்லை. அக்காவின் மகனுக்கு அங்கே ஒரு மணித்தியாலத்துக்குள் எல்லாம் நடந்தது. பில்லைப் பற்றிக் காப்புறுதிக்காரரோடு கோடை முழுக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

எல்லை ஊர்களில் இந்தப் பொதுப் பேச்செல்லாம் எடுபடாது. டெட்ரொயிட்டுக்கு எதிர்க்கரையில் இருக்கும் வின்ட்சரில் வாழ்ந்துகொண்டு அக்கரை மருத்துவமனைகளுக்குத் தினம் வேலைக்குப் போகும் தாதியர் நிறையப் பேர். கார் உதிரிப் பாகங்கள் முழுக் காராக மாறுவதற்குள் பல தடவை எல்லையைக் கடக்கும். கியூபெக்கின் ஸ்டான்ஸ்டெட் ஊரும் வெர்மான்டின் டெர்பி லைன் ஊரும் சேருமிடத்தில் ஹாஸ்கல் நூலகம் இருக்கிறது. 120 ஆண்டுகளுக்கு மேல் பழைய கட்டடம். எல்லைக்கோடு வாசிப்பறைத் தரையில் கறுப்புப் பட்டையாக ஓடுகிறது. வாசல் அமெரிக்காவில், புத்தக அலுமாரிகள் பெரும்பாலும் கனடாவில். மாடியில் உள்ள அரங்கின் மேடை கனடாவில், பெரும்பாலான இருக்கைகள் அமெரிக்காவில். கனடியர்கள் நடைபாதையால் சுற்றிப் போய் முன்வாசலால் நுழைவது வழக்கமாக இருந்தது, கடவுச்சீட்டுக் கேட்க மாட்டார்கள். 2025 மார்ச்சில் அமெரிக்க அதிகாரிகள் அந்த வழியைக் கட்டுப்படுத்தப் போவதாக அறிவித்தார்கள். கனடாப் பக்கம் புது வாசல் அமைக்க நூலகத்தார் நிதி சேர்க்க வேண்டி வந்தது.

கியூபெக்கைத் தனியாகத்தான் பார்க்கவேண்டும். பிரெஞ்சு மொழி அவர்களுக்கு மதில். அமெரிக்கராக மாறிவிடுவோமோ என்ற பயம் ஆங்கிலக் கனடாவில் இருக்கும் அளவுக்கு அங்கே இல்லை. அவர்களுடைய சண்டை ஒட்டாவாவோடு. 1988இல் சுதந்திர வர்த்தகத்துக்கு அங்கே ஆதரவு கூடுதல். குளிர்காலத்தில் புளோரிடா போவதும் அவர்களுக்குப் பழக்கம். ஆனால் 2025இல் அவர்களும் மேப்பிள் இலைக் கொடியைப் பிடித்தார்கள். நான் அதை எதிர்பார்க்கவில்லை.

அந்த 2025க்கு வருகிறேன். 2024 கடைசியில் ட்ரம்ப் கனடாவை 51ஆவது மாநிலம் என்றும் பிரதமரை ஆளுநர் என்றும் சொல்லத் தொடங்கினார். முதலில் பகிடி என்றார்கள். பெப்ரவரி 1ஆம் திகதி பெரும்பாலான கனடாப் பொருட்களுக்கு 25 வீத வரிக்கான உத்தரவு வந்தது. ஒரு மாதம் தள்ளிவைத்து, மார்ச் 4இல் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்கருக்கு இது அன்றைய செய்திகளில் ஒன்று. இங்கே அது 1812, 1911 எல்லாவற்றையும் ஒன்றாகக் கிளப்பிவிட்டது. உத்தரவு வந்த அன்றிரவே ஒட்டாவா ஹொக்கி அரங்கில் அமெரிக்கத் தேசிய கீதத்துக்குச் சனம் கூச்சலிட்டது. பெப்ரவரி 15 மொன்றியாலில், நான்கு நாடுகள் ஆடிய ஹொக்கிப் போட்டியில் இரண்டு நாட்டு அணிகளும் மோதியபோது ஆட்டம் தொடங்கி ஒன்பது விநாடிக்குள் மூன்று சண்டை. ஐந்து நாள் கழித்துப் பொஸ்ரனில் இறுதி ஆட்டம். கூடுதல் நேரத்தில் கொனர் மக்டேவிட் அடித்த கோலில் கனடா 3-2 என்று வென்றது. எங்கள் தெருவில் ஹொக்கியே பார்க்காத தமிழ் வீடுகளிலும் அன்றிரவு விளக்கு எரிந்தது.

மார்ச்சில் ஒன்ராறியோ அரசாங்க மதுக்கடைகளில் அமெரிக்கப் போத்தல்களை எடுத்துவிட்டார்கள். மார்க்கம் நகரில் ஒரு கடையில் பார்த்தேன்: நீளத்துக்கு வெறுந்தட்டு. பலசரக்குக் கடையில் தோடம்பழத்தைத் திருப்பித் திருப்பி எந்த நாடு என்று வயதானவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கனடியர்கள் காரில் அமெரிக்கா போய்வருவது சில மாதங்களில் முந்தைய வருஷத்தைவிட மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஜனவரியில் கருத்துக்கணிப்புகளில் 20 புள்ளிகளுக்கு மேல் முன்னால் நின்ற கொன்சர்வேட்டிவ் கட்சி ஏப்ரல் 28 தேர்தலில் தோற்றது. அதன் தலைவர் பொலியேவ் தன் சொந்தத் தொகுதியையும் இழந்தார். லிபரல்களுக்கு அவர்களின் புதிய தலைவர் மார்க் கார்னி வெற்றி தேடித்தந்ததற்கு ட்ரம்பின் பேச்சு ஒரு முதன்மைக் காரணம்.

அந்தக் கோடையில் நியூ ஜேர்சியிலிருந்து வந்த மருமகன், அங்கே பிறந்தவன், என்னைக் கேட்டான்: "மாமா, எல்லாரும் ஏன் எங்களில் கோபமாக இருக்கிறார்கள்? அதைச் சீரியஸாகவா எடுத்தீர்கள்?" அவன் கெட்டவன் இல்லை. அவனுடைய சிநேகிதர்களுக்குக் கனடாவைக் கைப்பற்ற வேண்டும் என்ற எண்ணமே கிடையாது. அப்படி ஒரு பேச்சு நடந்ததே பலருக்குச் சரியாகத் தெரியாது. எங்களுக்கு அது வீட்டுப் பத்திரத்தைக் கேட்ட மாதிரி இருந்தது என்று அவனுக்கு விளக்க அரை மணித்தியாலம் எடுத்தது. விளங்கியதும் வருத்தப்பட்டான்.

இந்தக் கசப்பு போகுமா என்றால், வர்த்தகப் பிணக்கு ஏதோ ஒரு நாள் தீரும். கனடா அமெரிக்காவுக்கு விற்கும் மென்மரம் பற்றிய பிணக்கு 1982இலிருந்து இழுபட்டாலும் மரம் விற்பது நிற்கவில்லை. சனமும் பழையபடி எல்லைக்கு அப்பால் பஃபலோ நகரக் கடைத்தெருவுக்குப் போகும். ஆனால் முப்பது வயதுக்கு உட்பட்ட கனடியர் ஒரு தலைமுறை, தெற்கே இருப்பவர் தங்களை இணைத்துக்கொள்ளக் கேட்பார் என்பதை முதன்முறை தங்கள் காதால் கேட்டிருக்கிறது. அவர்கள் வாக்குப் போடும்போதும், படிக்கவும் வேலைக்கும் எந்த நாட்டுக்குப் போவது என்று யோசிக்கும்போதும் அது கணக்கில் வரும். நீங்கள் எந்தப் பக்கம் வந்தாலும், அந்த 51ஆவது மாநிலப் பகிடியை மட்டும் கனடியர் ஒருவரிடம் சொல்லாதீர்கள். சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுவார், பிறகு உங்களோடு மனம்விட்டுப் பேச மாட்டார்.